மூன்று வாரத்து அரிசி: திருச்சி முற்றுகையில் ரஸ்து வந்த கதை

1753ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்குள் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்குத் தலைவர் கேப்டன் டால்டன். நகரத்துத் தானியக் கிடங்குகளின் சாவி மட்டும் அவரிடம் இல்லை. நவாப் முகமது அலி அதைத் தம் உறவினர் ஒருவரிடம் கொடுத்துவைத்திருந்தார். கையிருப்பு எப்படி என்று டால்டன் கேட்டபோதெல்லாம் நிறைய இருக்கிறது என்றே பதில் வந்தது. கடைசியில் சந்தேகம் வந்து தாமே எண்ணிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: மூன்று வாரத்துக்குத்தான் இருந்தது. மீதியை அந்த உறவினர் நல்ல விலைக்கு நகரத்து மக்களிடமே விற்றுவிட்டிருந்தார். விலை இறங்கும்போது வாங்கி நிரப்பிக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. அதற்குள் மைசூர்க்காரர்களும் மராத்தியக் குதிரைகளும் பாதைகளை அடைத்துவிட்டார்கள்.

இராணுவத்தின் வழங்கல் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். சொந்த ஊர் திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கம். இளம் அதிகாரிகளுக்கு வகுப்பு எடுத்த காலத்தில் முதல் மணி நேரத்தில் இந்தக் கிடங்குக் கதையைத்தான் சொல்வேன். சொல்லி முடித்ததும், "குற்றம் யாருடையது?" என்று கேட்பேன். எல்லாரும் விற்றவரைக் காட்டுவார்கள். நான் டால்டனைக் காட்டுவேன். விற்றவர் வியாபாரி புத்தியோடு நடந்துகொண்டார். அதற்கு அவரைத் திட்டிக்கொண்டு போகலாம். ஆனால் சண்டை நடக்கிற ஊரில், தன் ஆட்கள் உண்ணும் அரிசியைக் கண்ணால் பார்க்காமல் காதால் கேட்டுத் திருப்தியடைந்தவர் டால்டன்தான். அவர் கோழையல்ல, திறமைசாலி. அந்த ஆண்டு நவம்பரில் பிரெஞ்சுப் படை ஏணி வைத்து ஏறிக் கோட்டைக்குள் புகப் பார்த்தபோது அதை முறியடித்த காவற்படையும் இதே கோட்டையில் இருந்ததுதான். சண்டை போடத் தெரிந்தவருக்குக் கிடங்கு பார்க்கத் தெரிந்திருக்கவில்லை. சொல்லிக்கொடுக்கவும் அன்று ஆள் இல்லை.

இந்த ஆய்வின் பொருள் அதுதான். போர் நடந்துகொண்டிருக்கும்போதே ரஸ்து அதிகாரியை எப்படி உருவாக்குவது? 1749 முதல் 1754 வரை காவிரிப் படுகையில் நடந்த சண்டைகளில் பள்ளிக்கூடம் எதுவும் கிடையாது. இருந்தும் அந்த ஐந்தாண்டில் சிலர் கற்றுக்கொண்டார்கள். சிலர் கற்காமல் செத்தார்கள். இரண்டு வகையையும் எடுத்துப் பார்க்கிறேன். (ரஸ்து என்ற சொல் இன்று வழக்கில் தேய்ந்துவிட்டது. படைக்கு வேண்டிய தானியம், தீனி, சாமான் அனைத்தையும் சேர்த்து நம் முன்னோர் ஒரே சொல்லில் சொன்னது அது. "லாஜிஸ்டிக்ஸ்" என்று நீட்டி முழக்குவதைவிட எனக்கு இது பிடிக்கும்.)

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆற்காட்டு நவாப் பட்டத்துக்குப் போட்டி. ஒரு பக்கம் சந்தா சாகிபும் புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரர்களும்; மறு பக்கம் முகமது அலியும் ஆங்கிலக் கம்பெனியும். முகமது அலி திருச்சிக் கோட்டைக்குள் ஒதுங்கிக்கொண்டார். உதவிக்கு வந்த மைசூர் அமைச்சர் நஞ்சராஜருக்குத் திருச்சியையே தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு கைவிரித்தார், மைசூர் எதிரியானது. முராரி ராவின் மராத்தியக் குதிரைப்படை எங்கே காசோ அங்கே நின்றது. தஞ்சாவூரில் பிரதாப சிம்மன், புதுக்கோட்டையில் விஜயரகுநாதத் தொண்டைமான். நெல் இருந்தது இந்த இருவர் நாட்டில்தான். அதிலும் பெரும்பகுதி தஞ்சையில்.

நிலத்தை மனத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். திருச்சி படுகையின் தலைமாடு. முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிகின்றன. நடுவே திருவரங்கத் தீவு. தீவின் கிழக்கு நுனியில் இரண்டும் மறுபடி நெருங்கி வருகிற இடத்தில்தான் கல்லணை. அதற்குச் சற்றுக் கிழக்கே கோவிலடி, பிறகு திருக்காட்டுப்பள்ளி, அங்கிருந்து தஞ்சை வரை வயல். திருச்சிக்குத் தென்கிழக்கே பொன்மலை, எறும்பீஸ்வரம் போன்ற பாறைக் குன்றுகள். அவற்றைத் தாண்டிப் போனால் தொண்டைமான் காடு. அரிசி கிழக்கே இருக்கிறது, வாய் மேற்கே இருக்கிறது, இடையில் குதிரை ஓடுவதற்கு ஏற்ற வெட்டவெளி. முற்றுகை முழுவதும் இந்த முப்பது கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும்.

தேவிக்கோட்டையில் தொடங்கிய வேலை

கம்பெனிக்காரர்கள் முதலில் அடிபட்டுக் கற்றது கடலோரத்தில். 1749 ஏப்ரலில் கொள்ளிடம் முகத்துவாரத்திலுள்ள தேவிக்கோட்டையைப் பிடிக்கக் கேப்டன் கோப் தலைமையில் படை கிளம்பியது. வழியில் புயல். கடலில் நின்ற நேமூர் என்ற பெரிய போர்க்கப்பலே மூழ்கிவிட்டது. தரையில் கூடாரங்கள் கிழிந்தன, சுமை மாடுகள் செத்தன, சாமான்கள் நனைந்து பாழாயின. எதிரியைப் பார்ப்பதற்கு முன்பே படை பரங்கிப்பேட்டையில் உட்கார்ந்து ஓட்டை அடைக்க வேண்டியதாயிற்று. அந்தப் படையெடுப்பு தோற்றது. இரண்டாம் முறை கம்பெனியின் தலைமைத் தளபதி மேஜர் லாரன்ஸ் ஆட்களையும் சாமான்களையும் படகிலும் கப்பலிலும் ஏற்றிக்கொண்டு போனார், கோட்டை விழுந்தது.

அந்தத் தாக்குதலில் முன்னால் ஓடியவர்களில் ஒருவர் ராபர்ட் கிளைவ். சண்டை ஓய்ந்ததும் லாரன்ஸ் அவருக்கு வாங்கிக்கொடுத்த பதவி கமிசரி, அதாவது துருப்புகளுக்கு உணவுப்பொருள் வாங்கித் தருகிற வேலை. பாடப்புத்தகங்கள் இதை ஒரு வரியில் தாண்டிவிட்டு ஆற்காட்டுக்கு ஓடிவிடும். எனக்கோ அந்த ஒரு வரிதான் முக்கியம். கணக்கு எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா ஒருவர், எந்த ஊரில் எவ்வளவு நெல், எந்த வணிகர் என்ன விலை சொல்வார், எத்தனை மாடு கிடைக்கும் என்று அலைந்து தெரிந்துகொண்ட காலம் அது. 1751 ஜூலையில் தேவிக்கோட்டையிலிருந்து தஞ்சை நாட்டின் குறுக்கே திருச்சிக்கு ஒரு படைப்பிரிவு போனபோது அதோடு அவரும் போனார். வழியில் கோவிலடியிலிருந்து வந்த பிரெஞ்சுப் பிரிவோடு கைகலப்பு. இருந்தும் போய்ச் சேர்ந்தார்கள். திரும்பி வந்தவர்தான் ஆற்காட்டைத் தாக்கினால் திருச்சியின் நெருக்கடி தளரும் என்ற யோசனையைச் சென்னையில் வலியுறுத்தினார். திருச்சிக்குள் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று நேரில் பார்த்த ரஸ்துக்காரர் என்பதால் அந்த யோசனை அவருக்கு வந்தது என்பது என் கருத்து. வரலாற்றாசிரியர்கள் அவருடைய துணிச்சலைச் சொல்வார்கள். சொல்லட்டும்.

கிளைவைப் புகழ்ந்துவிட்டு மறுபக்கத்தை மறைக்கக் கூடாது. கமிசரிக்கு வாங்குகிற பொருளின் மேல் தரகு உண்டு. அது அன்று முறையான வருமானமாகவே கருதப்பட்டது. சில ஆண்டுகளில் அவர் சேர்த்த செல்வத்தில் பெரும் பங்கு இந்த வேலையிலிருந்து வந்தது. படைக்கு அரிசி அதிகம் செலவானால் கமிசரிக்கு லாபம். விலை ஏறினாலும் லாபம். திருச்சிக் கிடங்கை விற்ற நவாபின் உறவினர் செய்தது இதிலிருந்து எவ்வளவு தூரம்? கிளைவ் வாங்கி லாபம் பார்த்தார், அவர் விற்று லாபம் பார்த்தார். படை பட்டினி கிடந்ததா இல்லையா என்பது ஒன்றே வேறுபாடு. வகுப்பில் இதைச் சொன்னால் சிலர் நெளிவார்கள்.

எரிக்கப்பட்ட கிடங்கு

எதிர்த்தரப்பிலும் இதே பாடம் நடந்தது. 1752 வசந்தத்தில் பிரெஞ்சுத் தளபதி லா, கம்பெனிப் படை நெருங்குவதைக் கண்டு திருச்சி முற்றுகையை விட்டுத் திருவரங்கத் தீவுக்குள் பின்வாங்கினார். எடுத்துப் போக முடியாத சரக்குகளைக் கொளுத்திவிட்டார். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருந்தால் பத்திரம் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். தீவில் உள்ளது கோவிலும் தோப்பும். வயல் எவ்வளவு இருந்தாலும் அத்தனை ஆளுக்குப் போதாது. கிளைவ் கொள்ளிடத்துக்கு வடக்கே சமயபுரத்தில் உட்கார்ந்து புதுச்சேரிப் பாதையை மறித்தார். தஞ்சைத் தளபதி மானோஜி கிழக்கே கோவிலடியைப் பிடித்தார். ஜூன் மாதம் லா சரணடைந்தார்; சந்தா சாகிப் மானோஜியிடம் சிக்கிக் கொல்லப்பட்டார். சில வாரங்களுக்கு முன்பு தாமே கொளுத்திய அரிசியை லா நினைத்துப் பார்த்திருப்பாரா என்று அடிக்கடி யோசித்திருக்கிறேன்.

திருக்காட்டுப்பள்ளிக்கு அப்பால் வராத வணிகர்

இனி 1753. மூன்று வாரச் செய்தி கிடைத்ததும் லாரன்ஸ் கடலூர்ப் பக்கத்திலிருந்து விரைந்து வந்து மே மாதத் தொடக்கத்தில் திருச்சியை அடைந்தார். ஜூனில் பொன்மலைச் சண்டை, செப்டம்பரில் இன்னொரு பாறையடிச் சண்டை, இரண்டிலும் வென்றார். வென்றும் முற்றுகை விலகவில்லை. படையை முறியடிக்கலாம், ஆனால் அடுத்த நாள் காலையில் அரிசி வந்தாக வேண்டுமே.

இங்கேதான் வழங்கல் அதிகாரிக்கான உண்மையான கணக்கு தொடங்குகிறது. தஞ்சை வணிகர்கள் நெல்லும் அரிசியும் விற்கத் தயாராக இருந்தார்கள். ஆனால் திருக்காட்டுப்பள்ளி வரைதான் கொண்டுவருவார்கள். அதற்கு மேற்கே ஓரடி வரமாட்டார்கள். திருச்சிக்கு அங்கிருந்து பதினெட்டு மைல், ஏறக்குறைய 29 கிலோமீட்டர். அந்தத் தூரம் முழுவதும் சரக்கு வாங்கியவர் பொறுப்பு. வணிகரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவர் மாடு, அவர் சரக்கு, அவர் உயிர். தஞ்சை அரசரும் எந்தப் பக்கம் சாய்வது என்று தடுமாறிக்கொண்டிருந்தார். பஸ்ஸில் இன்று ஒரு மணி நேரத்துக்குள் கடக்கிற அந்த வழியில், எங்கள் ஊர்ப் பெரியவர்கள் யாரும் இப்படியொரு கதை நடந்ததாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

வகுப்பில் நான் கொடுக்கும் பயிற்சிக் கணக்கை இங்கே போட்டுக் காட்டுகிறேன். எண்கள் நானாக வைத்துக்கொண்டவை; அன்றைய கணக்கேட்டிலிருந்து எடுத்தவை அல்ல. ஆயிரம் சிப்பாய்கள். ஆளுக்கு நாளைக்கு ஒரு கிலோ அரிசி. ஒரு பொதிமாடு நூறு கிலோ சுமக்கும். ஆக ஒரு நாள் சோற்றுக்குப் பத்து மாடு. ஒரு மாதத்துக்கு முந்நூறு. வாங்கியது நெல்லாக இருந்தால் மூன்றில் ஒரு பங்கு உமியும் தவிடுமாகக் கழியும். எனவே நானூற்றைம்பது மாடு வேண்டும், குத்துவதற்கு ஆளும் வேண்டும். நகரத்து மக்களின் வாயை இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை.

இதுவரை எல்லாரும் சரியாகப் போடுவார்கள். அடுத்த கேள்வியில்தான் தடுமாறுவார்கள்: முந்நூறு மாடு ஒன்றன்பின் ஒன்றாக நடந்தால் வரிசையின் நீளம் என்ன? மாட்டுக்கும் இடைவெளிக்கும் நான்கு மீட்டர் வைத்தால் ஆயிரத்து இருநூறு மீட்டர். வண்டிகளும் சேர்ந்தால் இன்னும் நீளும். மராத்தியக் குதிரை அந்த நீளத்தை ஓடிக் கடக்க மூன்று நிமிடம் போதும். வாலில் அடி விழுந்த செய்தி தலைக்குப் போய்ச் சேருவதற்குள் வால் இருக்காது. உன் காவலாளிகளை எங்கே நிறுத்துவாய்?

கூத்தைப்பார்

1754 பிப்ரவரி நடுவில் இந்தக் கேள்விக்குத் தவறான பதில் எழுதப்பட்டது.

தை அறுவடை முடிந்த காலம். களத்தில் நெல் இருக்கும், வாய்க்கால் வற்றி வண்டி போக வழி இருக்கும், விலையும் இறங்கியிருக்கும். படுகையில் ரஸ்து சேர்க்க ஆண்டில் இதைவிட நல்ல நேரம் இல்லை. குதிரைப்படைக்கும் அதுவே நல்ல நேரம் என்பதைச் சேர்த்தே நினைக்க வேண்டும்: ஐப்பசி, கார்த்திகையில் சேற்றில் இறங்காத குதிரை, மாசியில் காய்ந்த தாளடியில் பறக்கும்.

முந்தைய நடைகள் எல்லாம் பழுதில்லாமல் வந்து சேர்ந்திருந்தன. அதனால் இந்த முறை பெரிய சுமை: தானியம், வெடிமருந்துச் சாமான், பணம். காவலுக்கு லாரன்ஸ் தம் படையின் மிகச் சிறந்த ஆட்களை அனுப்பினார். சுமார் 180 ஐரோப்பியர். அவர்களில் நூறு பேர் பொன்மலையில் வெற்றி தேடித் தந்த கிரனேடியர்கள் என்ற தேர்ந்த காலாட்கள். கூடவே 800 சிப்பாய்கள், நான்கு பீரங்கி. தலைவர் கேப்டன் கிரென்வில். முந்தின நாளே குதிரைகள் கண்ணில் பட்டன; அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தம் ஆட்களைச் சிறு சிறு பிரிவுகளாக்கி, மாட்டுவரிசையின் இரு பக்கமும் நெடுகப் பரப்பி நிறுத்தினார். திருச்சிக்குக் கிழக்கே, கூத்தைப்பார் என்ற ஊருக்கும் எறும்பீஸ்வரத்துக்கும் இடைப்பட்ட வெளியில் முராரி ராவின் குதிரைகளும் மைசூர்க் குதிரைகளும் எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் பாய்ந்தன.

எங்கும் ஆள் இருந்தார்கள். எங்கும் போதுமான ஆள் இல்லை. மாடுகள் மிரண்டு சிதறின, வண்டிகள் குறுக்கே கிடந்தன, ஒரு பிரிவு இன்னொரு பிரிவோடு சேர வழியில்லை. சிறிது நேரத்தில் முடிந்துவிட்டது. கிரென்வில் இறந்தார். அந்த ஐரோப்பியர்களில் தப்பித் திருச்சி சேர்ந்தவர் எவருமில்லை என்று சொல்லலாம். செத்தவர் போக மற்றவர் கைதி. சரக்கும் பணமும் போயின. பல சண்டைகளில் இழக்காததை லாரன்ஸ் ஒரு மாட்டுவரிசையோடு இழந்தார்.

கிரென்விலை முட்டாள் என்று எழுதுவது எளிது. நான் எழுதமாட்டேன். களத்தில் வரிசை கட்டிச் சுடத் தெரிந்த அதிகாரி அவர். ரஸ்துக் காவல் என்பது வேறு தொழில் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. பொருளைக் காக்க வேண்டும் என்ற எண்ணம் பொருளின் நீளத்துக்கு ஆளைப் பரப்பச் சொல்லும். கை இயல்பாக அதைத்தான் செய்யும். ஆட்களை இரண்டு மூன்று கட்டுகளாகச் சேர்த்துவைத்து, வால் போனாலும் போகட்டும் என்று தலையையும் நடுவையும் காப்பாற்றும் மனம் பழகித்தான் வர வேண்டும். சில மாடுகளை இழக்கச் சம்மதிக்காதவர் எல்லாவற்றையும் இழப்பார் என்று கரும்பலகையில் எழுதிவைத்தாலும், ஒருமுறையாவது தன் கண்முன்னே மாடு மிரண்டு ஓடுவதைப் பார்க்காத இளைஞனுக்கு அது ஏறாது. அதனால்தான் பயிற்சியில் உண்மையான வரிசையை நடக்கவிட்டு, உண்மையாகக் குலைத்துக் காட்ட வேண்டும் என்று கடைசிவரை வாதாடினேன். செலவு அதிகம் என்றார்கள்.

யூசுப் கான் போட்ட வழி

கூத்தைப்பாருக்குப் பிறகு கிழக்குப் பாதை அநேகமாக மூடிக்கொண்டது. தஞ்சையும் கையை இறுக்கியது. மிச்சம் இருந்தது தெற்கே தொண்டைமான் காடு. அந்த வழியைத் தூக்கி நிறுத்தியவர் முகமது யூசுப் கான். இராமநாதபுரச் சீமைப் பனையூரில் மருதநாயகமாகப் பிறந்தவர் என்பது மரபு. சிப்பாயாகச் சேர்ந்து, திருச்சியில் கம்பெனிச் சிப்பாய்களுக்கெல்லாம் தளபதியாக உயர்ந்தவர்.

அவர் செய்தது கிரென்வில் செய்ததற்கு நேர் எதிர். பெரிய சுமை இல்லை. சிறிய சிறிய நடைகள். பகலைவிட இரவு. ஒவ்வொரு முறையும் வேறு வழி. எந்த ஊரில் எவர் விற்பார், எந்த ஓடை கோடையில் மாட்டுக்குத் தண்ணீர் தரும், எந்தத் தடத்தில் காட்டுக்காரர்கள் துணை வருவார்கள் என்பது அவர் தலைக்குள் இருந்தது, தாளில் இல்லை. தாளில் இல்லாததால் எதிரிக்கும் கிடைக்கவில்லை. லாரன்ஸ் அவரை வாயாரப் பாராட்டியிருக்கிறார். திருச்சி பிழைத்ததற்கு ஓயாமல் அலைந்த இந்த மனிதர் காரணம் என்பதில் அவருக்கு ஐயமே இல்லை.

அவரை ஒழித்தால் திருச்சி விழும் என்று எதிர்த்தரப்பும் கண்டுகொண்டது. உள்ளே இருந்த ஒருவர்தான் அதைச் சொல்லிக்கொடுத்தார்: லாரன்ஸின் துபாஷியான, அதாவது மொழிபெயர்ப்பாளரான, பொன்னியப்பன். மைசூர்க்காரர்களோடு தொடர்பு வைத்திருந்த அவர், யூசுப் கான் கோட்டையைக் காட்டிக்கொடுக்கப் போகிறார் என்று தோன்றும்படி ஒரு பொய்க் கடிதம் அகப்பட ஏற்பாடு செய்தார். சந்தேகம் சில நாள் யூசுப் கான் மேலேயே படிந்தது. விசாரணையில் சூது வெளிப்பட்டது. பொன்னியப்பன் பீரங்கி வாயில் கட்டிச் சுடப்பட்டார்.

மொழிபெயர்ப்பாளர் விஷயத்தை நான் ஏன் ரஸ்துப் பாடத்தில் வைக்கிறேன் என்று கேட்பார்கள். லாரன்ஸுக்குத் தமிழ் தெரியாது. விலை பேசுவது, வழி கேட்பது, ஒற்றர் செய்தியை நம்புவது எல்லாம் ஒருவர் வாய் வழியே நடந்தது. யூசுப் கானுக்கு அந்த இடைவாய் தேவைப்படவில்லை. மாட்டுக்காரனிடம் நேரே பேசினார். இதை மிஞ்சிய தகுதி ஒரு வழங்கல் அதிகாரிக்கு உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. எல்லைப்புறத்தில் நான் பணியாற்றிய நாட்களில், உள்ளூர்ப் பேச்சைப் பத்துச் சொல்லாவது கற்ற அதிகாரிக்குக் கோவேறு கழுதை கிடைத்தது. கற்காதவருக்கு வாடகைப் பட்டியல்தான் கிடைத்தது.

1754 மே 12. தொண்டைமான் காட்டுப் பக்கமிருந்து வரும் நடையை எதிர்கொண்டு அழைத்துவரக் கேப்டன் காலியாடோடு யூசுப் கானும் இரவில் புறப்பட்டார். முன்னால் சென்ற அவருடைய குதிரை ஓர் ஏரிக்கரை அருகே கனைத்தது. இருட்டுக்குள்ளிருந்து வேறு குதிரைகள் பதில் கனைத்தன. எதிரி பதுங்கியிருந்த இடம் அதுதான். தெரிந்துகொண்டபின் ஆட்களை ஒன்றாகச் சேர்த்து அந்த ஏரியையே பிடித்து அரணாக்கிக்கொண்டார்கள். கோட்டையிலிருந்து துணைப்படை வந்து சேர, எதிரிப் படை விலக நேர்ந்தது. நிலத்தின் குழியும் மேடும் தெரிந்தவர்களுக்கு ஏரிக்கரை கோட்டைச் சுவராகிவிடுகிறது.

கோபம் அடுத்துத் தொண்டைமான் மேல் திரும்பியது. பிரெஞ்சு, மைசூர்ப் படைகள் அவர் நாட்டுக்குள் புகுந்தன. ஊர்களில் ஆள் இல்லை. மக்கள் மாடுகன்றுகளை ஓட்டிக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டிருந்தார்கள். கொளுத்துவதற்குக் கூரை கிடைத்தது, கொள்ளையடிக்க ஒன்றும் கிடைக்கவில்லை.

வெட்டப்பட்ட கரை

அங்கே ஏமாந்த படை தஞ்சைப் பக்கம் திரும்பி, மே மாதக் கடைசி வாரத்தில் கோவிலடியைப் பிடித்தது. பிடித்ததும் செய்த முதல் வேலை, காவிரித் தண்ணீர் கொள்ளிடத்துக்குள் சரிந்துவிடாமல் தடுக்கும் பெருங்கரையை வெட்டியது.

படுகைக்காரன் இந்த வரியை அமைதியாகப் படிக்க முடியாது. கொள்ளிடம் தாழ்ந்த ஆறு. கரை போனால் காவிரி அதற்குள் இறங்கிக் கடலுக்குப் போய்விடும். தஞ்சை வாய்க்கால்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. நாளையும் கவனிக்க வேண்டும். வைகாசி நடு. மேற்கே மழை தொடங்கி ஆற்றில் புதுத்தண்ணீர் வர இன்னும் சில வாரங்கள்தான். ஆடிப்பெருக்குக்குள் நாற்றங்காலுக்குத் தண்ணீர் வராவிட்டால் அடுத்த தையில் களத்தில் நெல் இராது. அடுத்த தையில் நெல் இல்லாவிட்டால் திருக்காட்டுப்பள்ளிக்குக் கொண்டுவர எந்த வணிகரிடமும் எதுவும் இராது. அதுவரை மாட்டையும் வண்டியையும் மறித்தவர்கள், இப்போது வரப்போகும் ஆண்டின் அரிசியை ஆற்றிலேயே மறித்தார்கள். பிரெஞ்சுப் பக்கத்தில் ரஸ்தின் வேரைப் புரிந்துகொண்டிருந்த யாரோ ஒருவர் இருந்திருக்கிறார். செயல் கொடியது; கணக்கு பிழையற்றது.

ஆனால் அரசியலில் அது பிழையாகப் போயிற்று. அதுவரை ஊசலாடிய பிரதாப சிம்மன் ஒரு பக்கம் நிற்க வேண்டியவரானார். ஓரங்கட்டியிருந்த மானோஜியை மறுபடி தளபதியாக்கினார். ஆகஸ்டில் லாரன்ஸ் தஞ்சைப் படையோடும் ரஸ்தோடும் திருச்சிக்குத் திரும்பினார். அக்டோபரில் இரு கம்பெனிகளும் சண்டையை நிறுத்திக்கொண்டன.

குறுகிய காலப் பயிற்சிக்கு இதில் என்ன

இரண்டாம் உலகப்போரில் இந்தியப் படை இரண்டு லட்சம் பேரிலிருந்து இருபத்தைந்து லட்சமாக வீங்கியது. 1962 சீனப் போருக்குப் பிறகு அவசர கமிஷன், அதாவது அவசரகால அதிகாரி நியமனம், அறிவித்து, 1963 ஜனவரியில் சென்னையில் அதிகாரிகள் பயிற்சிப் பள்ளியைத் திறந்தார்கள். இத்தகைய நேரங்களில் பயிற்சி மாதக் கணக்கில் சுருங்குகிறது. சுருக்கும்போது எதை வைப்பது, எதை வெட்டுவது? அநேகமாக எங்கும் படிவமும் அளவுப் பட்டியலும் தங்கிவிடும். ஊர் சுற்றுவது வெட்டப்படும். படிவத்தைச் சோதிப்பது எளிது, அதனால் அது தங்குகிறது.

என் கட்சி நேர்மாறு. படிவத்தை ஒரு நல்ல ஹவில்தார் இரண்டு வாரத்தில் கற்றுத்தந்துவிடுவார். ஊரைக் கற்றுத்தர ஹவில்தாரும் போதாது, புத்தகமும் போதாது. எனக்கு மூன்று மாதம் கொடுத்தால் இளம் அதிகாரிகளைத் தை, மாசியில் படுகைக்குக் கூட்டிவருவேன். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஒரு வாரம் உட்காரவைப்பேன். நாற்பது கிலோ சிப்பம் எப்படித் தைக்கப்படுகிறது, பதினேழு சதவீத ஈரப்பதம் என்ற விதி மூடுபனி நாளில் என்ன பாடுபடுத்துகிறது, லாரி வராத மூன்றாம் நாள் குவியல் எப்படி முளைவிடத் தொடங்குகிறது, பட்டியல் எழுத்தர் யாரிடம் எப்படிப் பேசுகிறார் என்று பார்க்கட்டும். அந்த வாரத்தின் முடிவில் நிலையத்தில் எத்தனை சிப்பம் இருக்கிறது என்று கேட்பேன். பதிவேட்டைப் பார்த்துச் சொல்பவருக்கு மதிப்பெண் இல்லை. அடுக்கின் மேல் ஏறி எண்ணிவிட்டு வந்து, பதிவேட்டோடு ஒத்துப்போகவில்லை என்று சொல்பவரைத்தான் தேடுவேன்.

பிறகு திருக்காட்டுப்பள்ளியிலிருந்து கூத்தைப்பார் வரை இரவில் நடக்கவிடுவேன். மாடு இல்லாவிட்டால் போகட்டும். ஆளுக்கு ஒரு மூட்டை. எங்கே வரிசை அறுந்துபோகிறது என்று அவர்களே கண்டுகொள்வார்கள்.

யூசுப் கானின் பிற்காலத்தைச் சொல்லாமல் இந்த நிகழ்வை மூட முடியவில்லை. மதுரைக்கு ஆளுநராகப் போனவர் பின்னர் நவாபோடும் கம்பெனியோடும் முறித்துக்கொண்டார். 1764இல் கம்பெனிப் படை மதுரைக் கோட்டையைச் சூழ்ந்தது. ஜூன் மாதம் மேஜர் காம்பெல் நடத்திய நேரடித் தாக்குதலை யூசுப் கான் முறியடித்தார். அதன்பின் கம்பெனிக்காரர்கள் சுவரில் மோதுவதை விட்டுவிட்டு, கோட்டைக்குள் தானியம் போகும் வழிகளை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். உள்ளே பசி ஏறியது. ஆட்கள் மனம் மாறினார்கள். அக்டோபரில் அவருடைய சொந்த ஆட்களே அவரைப் பிடித்து ஒப்படைத்தார்கள். 15ஆம் தேதி மதுரையில் தூக்கிலிட்டார்கள்.